வேனுக்கு ஃபிரிட்ஜ்: கரண்டும் சத்தமும் ஒரே கணக்கு

உவரிக் கடற்கரையில் வேனை நிறுத்தி, அடுப்பைப் பற்ற வைத்து, காப்பிக்குப் பாலை ஊற்றினேன். கொதி வருவதற்குள் திரிந்துவிட்டது. முதல் நாள் காலையில் பாளையங்கோட்டையில் வாங்கிய பால். ‘கார் ஃபிரிட்ஜ்’ என்று எழுதியிருந்த பெட்டிக்குள்தான் இரவும் பகலும் இருந்தது. பெட்டி பழுதாகவும் இல்லை. அதன் சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 19 டிகிரி. வேனுக்குள் 38.

பால் போனால் போகிறது. அதே பெட்டியின் மூலையில் அம்மாவின் இன்சுலின் குப்பிகள் இரண்டு இருந்தன. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்து போனாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, பத்தமடைப் பாயை விரித்துக்கொண்டு ஊர் சுற்றுவது என்று நாங்கள் கிளம்பியதே அம்மாவையும் கூட்டிப் போகத்தான். (இருக்கையைக் கழற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அது தனிக் கதை.) ஆகவே அந்தப் பெட்டியை மச்சினன் தலையில் கட்டிவிட்டு, ஃபிரிட்ஜ் என்றால் என்ன என்பதை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். இப்போது பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு வேன் வாங்கி நிறுத்தியிருக்கிறான். “அண்ணாச்சி, கரண்டு குறைவாக இழுக்கிற ஃபிரிட்ஜ் வேண்டும், ராத்திரி சத்தமும் போடக் கூடாது. இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது?” என்று கேட்கிறான். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவன் இரண்டு கேள்வி என்று நினைப்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்.

பானையும் கமலையும்

காருகுறிச்சிப் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசிகிற நீர் பானையின் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதை உள்ளே இருக்கிற தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. கொஞ்ச நஞ்ச வெப்பமில்லை. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப் போல எட்டு மடங்கு அந்த ஒரு லிட்டர் ஆவியாவதற்குப் போகிறது.

ஃபிரிட்ஜ் செய்வதும் இதே வேலைதான். பானை தன் ஆவியைக் காற்றில் விட்டுவிடும்; ஃபிரிட்ஜ் விடாது. குழாய்க்குள் ஓடுகிற ஒரு திரவம் பெட்டியின் உட்சுவரில் ஆவியாகி, உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடேறிய ஆவி வெளிப்பக்கக் குழாய்களில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறமோ பக்கமோ தொட்டால் சுடுவது இதனால்தான். அது சற்று முன்பு உங்கள் தயிருக்குள் இருந்த வெப்பம்.

எனவே ஃபிரிட்ஜைக் குளிரை உண்டாக்கும் இயந்திரமாக நினைத்தால் கணக்கு பிடிபடாது. வெப்பத்தை வெளியே இறைக்கிற கமலையாக நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு மாடு இழுக்க வேண்டும். இங்கே ஆழம் என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். கிணற்றில் ஊற்று எவ்வளவு சுரக்கிறதோ அவ்வளவுக்கு அடிக்கடி இறைக்க வேண்டும். இங்கே ஊற்று என்பது பெட்டியின் சுவர் வழியே உள்ளே கசிகிற வெப்பம். இனி வரப்போகிற எல்லாமே இந்த ஆழம், ஊற்று இரண்டின் கதைதான்.

மூன்று மாடுகள்

உவரியில் என்னை ஏமாற்றிய பெட்டிக்குள் கம்ப்ரசரே கிடையாது. அது பெல்டியர் வகை. இரண்டு வேறு உலோகங்கள் சேருகிற இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு சந்திப்பு குளிரும், மறு சந்திப்பு சூடாகும் என்று 1834-இல் ழான் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். அந்தத் தத்துவத்தை ஒரு பிஸ்கட் அளவுத் தகட்டில் அடக்கிவிடலாம். விலை குறைவு, எடை குறைவு, சாய்த்தாலும் கவிழ்த்தாலும் கவலையில்லை. ஆனால் அது பலவீனமான மாடு. வெளியே இருப்பதைவிட 18 அல்லது 20 டிகிரி குறைவாக வைத்திருக்கும்; அதற்கு மேல் முடியாது. ஊட்டியில் நிறுத்திய வேனில் அது உண்மையாகவே ஃபிரிட்ஜாக வேலை செய்யக்கூடும். சித்திரை வெயிலில் திசையன்விளைப் பக்கம் நிறுத்தினால் 38-இலிருந்து 20-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், என் தெர்மாமீட்டர் காட்டியது ஏறக்குறைய வந்துவிடும்.

அதன் இன்னொரு குற்றம், அது ஓய்வதே இல்லை. பெரும்பாலான மலிவுப் பெட்டிகளில் போதும் என்று நிறுத்துகிற தெர்மோஸ்டாட் கிடையாது. இருந்தாலும் நம் வெயிலில் அது எட்டிப் பிடிக்க வேண்டிய குளிரை எட்டுவதே இல்லை. 50 வாட் இழுக்கிற பெட்டி 24 மணி நேரம் ஓடினால் 1,200 வாட்-மணி. மின்வாரிய பாஷையில் 1.2 யூனிட். நல்ல நட்சத்திர முத்திரை உள்ள 200 லிட்டர் ஒற்றைக் கதவு வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை யூனிட்தான் எடுக்கிறது. கம்ப்ரசர் இல்லாததால் சத்தமில்லாத பெட்டி என்று இதை விற்கிறார்கள். விசிறி உண்டே! இரவு முழுக்க ஒரே சுருதியில் இரைகிற விசிறி.

இரண்டாவது வகையை நீங்கள் ஓட்டல் அறைகளில் பார்த்திருக்கலாம். கட்டில் பக்கத்து அலமாரியில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும்; காதை வைத்தாலும் ஒரு சத்தமும் கேட்காது. அவற்றில் பல உறிஞ்சு வகையைச் சேர்ந்தவை. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றையும் மூடிய குழாய்க்குள் வைத்து, கீழே சூடு காட்டினால் மேலே குளிர்கிற இந்த அதிசயத்தை 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கினார்கள். (நகரும் பாகம் இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். பெரிய மண்டைகளையும் இந்த ஃபிரிட்ஜ் பிரச்சினை விடவில்லை.) முழு அமைதி வேண்டுமென்றால் இதுதான். ஆனால் மட்டமான தரையில் நிற்க வேண்டும், பேட்டரியில் ஓட்டினால் 100 வாட்டும் அதற்கு மேலும் இடைவிடாமல் குடிக்கும், வெளிவெப்பம் கூடினால் சோர்ந்துவிடும். பாபநாசத்திலிருந்து காரையார் ஏறுகிற வளைவுகளையும் நம் வெயிலையும் நினைத்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது கம்ப்ரசர். வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பதன் தம்பிதான். ஆனால் 12 வோல்ட்டில் நேராக ஓடும்படி செய்தது. வண்டி ஃபிரிட்ஜ்களைப் பற்றிப் படிக்கிற எவரும் டான்ஃபாஸ் பி.டி.35 என்ற பெயரில் முட்டிக்கொள்வார்கள். அந்தக் கம்ப்ரசர் பிரிவு 2010 முதல் செகாப் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் கொள்ளளவு 2 கன சென்டிமீட்டர், ஒரு மருந்து ஊசி அளவுதான். நிமிடத்துக்கு 2,000 முதல் 3,500 சுற்று வரை வேகத்தை மாற்றிக்கொள்ளும். இதே வேலையைச் செய்கிற வேறு நிறுவனக் கம்ப்ரசர்களும் இப்போது நிறைய உண்டு. எதை வாங்கினாலும் ‘டி.சி. கம்ப்ரசர்’ என்பதும் ‘வேகம் மாறும்’ என்பதும் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்டியர் வகைக்கு அட்டையில் போடுகிற பெயரான ‘தெர்மோஎலெக்ட்ரிக்’ என்ற சொல்லைப் பார்த்தால் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

ஊற்றை அடைப்பது

அட்டையில் 45 வாட் என்று போட்டிருந்தால் 24-ஆல் பெருக்கி, ‘ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேலா?’ என்று பயப்பட வேண்டாம். அது ஓடுகிற நேரத்து இழுப்பு. கம்ப்ரசர் எல்லா நேரமும் ஓடுவதில்லை. எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது சுவர்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 40 லிட்டர் பெட்டியின் சுவர்கள், மூடி, அடிப்பக்கம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். உள்ளே 5 டிகிரி, வெளியே 35. சுவருக்குள் 5 சென்டிமீட்டர் பாலியூரிதேன் நுரை இருந்தால் உள்ளே கசியும் வெப்பம் 14, 15 வாட். நுரை 3 சென்டிமீட்டர்தான் என்றால் 24 வாட். இந்த அளவுச் சின்னக் கம்ப்ரசர் ஒரு வாட் மின்சாரத்தைத் தின்று ஏறக்குறைய ஒன்றரை வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தடித்த சுவருக்குச் சராசரியாக 10 வாட், மெல்லிய சுவருக்கு 16 வாட். அதாவது அதே 45 வாட் கம்ப்ரசர் ஒன்றில் மணிக்கு 13 நிமிடம் ஓடுகிறது, மற்றதில் 21 நிமிடம். மூடி திறப்பது, புதிதாகச் சாமான் வைப்பது எல்லாம் இதற்கு மேல் வரும்.

தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கரண்டு செலவாவதும் சத்தம் வருவதும் கம்ப்ரசர் ஓடும்போதுதான். இரண்டு சென்டிமீட்டர் நுரை இரண்டையும் ஒரே அடியில் குறைக்கிறது. அதனால் கடையில் நான் முதலில் தேடியது மூடியின் தடிமனை. அது விரல் அகலத்துக்கு மெலிந்திருந்தால், மேலே எத்தனை பொத்தான், எத்தனை நீல விளக்கு மின்னினாலும் அது வெப்பம் ஒழுகுகிற பெட்டிதான். வெளிப்பக்க அளவு ஒன்றாக இருந்து உள்ளே இடம் குறைவாக இருக்கிற பெட்டியைப் பார்த்து ‘இடம் வீண்’ என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த இடத்தில் நுரை இருக்கிறது.

மேலே திறக்கிற பெட்டியா, முன்னே திறக்கிற கதவா என்பது பெரிய சண்டை. குளிர்ந்த காற்று கனமானது, கதவைத் திறந்ததும் தரையில் கொட்டிவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. 40 லிட்டர் காற்று முழுதும் வெளியேறி, கடற்கரையின் ஈரக் காற்று உள்ளே நிரம்பினாலும் அதைக் குளிர்விக்க ஒரு வாட்-மணி வெப்பத்தை வெளியே தள்ளினால் போதும். இருபது முறை திறந்தால் இருபது. ஐந்து லிட்டர் தண்ணீரை 35 டிகிரியில் உள்ளே வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவர 174 வாட்-மணி! ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று பிள்ளைகளைத் திட்டுகிற நாம், மிச்சமான சொதியை இளஞ்சூட்டோடு உள்ளே வைத்துவிட்டு நல்ல பிள்ளை போல மூடுகிறோம். மேலே திறக்கிற பெட்டியைத்தான் நானும் வைத்திருக்கிறேன், காரணம் வேறு. மூடியின் எடையே ரப்பர் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, மேடுபள்ளச் சாலையில் கதவு திறந்து தயிர் உருளாது. அம்மாவுக்கு முட்டிவலி, குனிய முடியாது என்பதும் ஒரு காரணம்.

கிணற்றின் ஆழத்துக்கு வருவோம். நிழலில் நிற்கிற வேனுக்குள் 30 டிகிரி, வெயிலில் நிற்கிற வேனுக்குள் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 4 டிகிரி வேண்டும். வித்தியாசம் 26-இலிருந்து 41 ஆகிறது; கசிவு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. அதோடு நிற்காது. ஆழம் கூடியதால் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் இறைக்க ஆகும் மின்சாரமும் அதே அளவுக்குக் கூடுகிறது. இரண்டும் பெருகி, செலவு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒரு மர நிழலுக்கு இவ்வளவு விலை. திருப்புடைமருதூர் ஆற்றங்கரை மருத நிழலில் மணிக்குக் கால் மணி நேரம் ஓடுகிற பெட்டி, தேரிக்காட்டுச் செம்மணலில் நிறுத்தினால் நாற்பது நிமிடம் வரை ஓடக்கூடும்.

இதனால்தான் குளிர்பெட்டிக்குத் தட்பவெப்ப வகுப்பு என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். ‘என்’ (N) என்றால் 32 டிகிரி வரை, ‘எஸ்.டி.’ (ST) என்றால் 38 வரை, ‘டி’ (T) என்றால் 43 வரை. நெல்லைச் சீமைக்கு ‘டி’ போட்டதைத்தான் வாங்க வேண்டும். மற்றவை ஐப்பசி, கார்த்திகையில் நன்றாக ஓடிவிட்டுப் பங்குனியில் கைவிடும்.

பொருத்தும் இடத்தில் ஆசாரிகளோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அழகாக, இடைவெளி தெரியாமல், பலகைக்குள் பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். அது வெளியே தள்ளிய சூடு அதே அறைக்குள் சுற்றி, மறுபடி அதையே வந்து சேரும். கிணற்றுக்குள்ளேயே இறைத்த நீரை ஊற்றுவது போல. கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, கை நுழைகிற அளவு இருக்கட்டும். சூடான காற்று தானாக மேலே போகும். சின்ன வேன்கள் பலவற்றில் என்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. ஃபிரிட்ஜை அதன் முதுகில் சாத்த வேண்டாம். மாலை வெயில் படுகிற பக்கத்துத் தகரத்தையும் விட்டுத் தள்ளி வையுங்கள்.

சத்தம்

ஓடுகிற நேரத்தைக் குறைத்தாயிற்று. ஓடுகிறபோது எப்படி ஓடுகிறது என்பது மீதி. இங்கே சற்று முன் சொன்னதற்கு ஒரு திருத்தம் வேண்டும். மணிக்கு 12 நிமிடம் முழு வேகத்தில் ஓடுவதைவிட, 25 நிமிடம் மெல்லிய வேகத்தில் ஓடுவது நல்லது. மெல்ல ஓடும்போது அதே குளிருக்குக் கம்ப்ரசர் குறைவாகவே மின்சாரம் எடுக்கிறது, சத்தமும் தாழ்ந்து ஒரு சீராக இருக்கிறது. தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஓடுகிற ஒலியைவிட, தொடங்குகிறபோதும் நிற்கிறபோதும் வருகிற குலுக்கல்தான். ஆகவே பெட்டியில் ‘எக்கோ’, ‘மேக்ஸ்’ என்று இரண்டு நிலை இருந்தால் படுக்குமுன் எக்கோவுக்கு மாற்றிவிடுங்கள்.

அட்டையில் போட்டிருக்கிற டெசிபலை அப்படியே நம்பாதீர்கள். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஆகவே 38-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆனால் எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. வேனில் உங்கள் தலைக்கும் பெட்டிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

கம்ப்ரசரைவிட அதிகமாகச் சத்தம் போடுவது பல நேரம் வேன்தான். மெல்லிய தகரத் தரையில் பெட்டியை நேராக வைத்தால் அந்தத் தரை முழுதும் தவில் தோல் மாதிரி அதிரும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, பக்கச் சுவரில் படாமல் இரண்டு விரல் இடைவெளி, கட்டுகிற பெல்ட்டில் ஒரு துண்டுத் துணி. இவ்வளவு செய்ததில் என் வண்டியில் பாதி இரைச்சல் அடங்கியது. மீதிப் பாதியில் ஒரு பங்கு, பெட்டிக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்த கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டில்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவு ஆனது.

ஒரு இரவை முழு அமைதியாகவே கழிக்க வழி ஒன்று உண்டு. உவரி மீனவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஐஸ். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்குகிறது. நம் பெட்டியின் கசிவு 15 வாட் என்று பார்த்தோம். இரண்டு கிலோ ஐஸ், பன்னிரண்டு மணி நேரம்! வீட்டு ஃப்ரீசரில் தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்து எடுத்துப் போனால், இரவு பத்து மணிக்கு ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் காலையில் போடலாம். பேட்டரியும் உறங்கும், நாமும் உறங்கலாம். மருந்து வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும், அதை ஒட்டி வைத்த இன்சுலின் உறைந்துவிடும். அம்மாவின் குப்பிகள் ஒரு எவர்சில்வர் டப்பாவில், துண்டு சுற்றி, பெட்டியின் நடுக்கூடையில், உட்சுவரில் படாமல் இருக்கின்றன. பக்கத்திலேயே அதிக அளவும் குறைந்த அளவும் நினைவில் வைத்துக்கொள்கிற தெர்மாமீட்டர் ஒன்று.

ஃபிரிட்ஜையே ஃப்ரீசராக ஓட்டலாமே என்றால், ஓட்டலாம், செலவு தாங்காது. உள்ளே 5 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 வைத்தால் அதே ஆழக் கணக்குப்படி மின்சாரம் மூன்று மடங்குக்கும் மேல் போகும். மீன் வாங்கினால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள்.

பேட்டரி, ஒயர், வெயில்

எல்லாம் சேர்த்து, சுமாராக நல்ல 40 லிட்டர் பெட்டிக்கு நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு 400 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். 12 வோல்ட்டால் வகுத்தால் 33 ஆம்பியர்-மணி, அதாவது 33 ஏ.எச். 100 ஏ.எச். ட்யூபுலர் வகை ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது 50, ஒன்றரை நாள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80, 90 வரை எடுக்கலாம், இரண்டரை நாள். வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள். காலையில் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

ஃபிரிட்ஜிலேயே பேட்டரிப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கும். வோல்ட் குறைந்தால் தானே நின்றுவிடும். பி.டி.35 தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10.4 வோல்ட்டில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். சாதாரண ஈய பேட்டரி அதுவரை இறங்கினால் அது அநேகமாகக் காலி. ஆகவே அதற்கு முன்பே நின்றுவிடும்படி ‘அதிகம்’ என்ற நிலையில் வைக்க வேண்டும். வைத்தேன். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்று நின்று போனது. பெட்டிதான் கோளாறு என்று ஒரு வாரம் அதைச் சபித்தேன். குற்றம் ஒயரில் இருந்தது. வேலை செய்தவர் பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை வீட்டு விளக்குக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை இழுத்திருந்தார். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பேட்டரியில் 12.2 இருந்தால் ஃபிரிட்ஜுக்குத் தெரிவது 11.6. அது பாவம், பேட்டரி காலி என்று நம்பி நிற்கிறது. 6 ஸ்கொயர் போட்டதும் இழப்பு 0.15 வோல்ட்டாகக் குறைந்தது. 230 வோல்ட்டில் பழகிய கைக்கு 12 வோல்ட் அற்பமாகத் தெரியும். ஆனால் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும், ஆம்பியருக்குத்தான் தடித்த ஒயர். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகி ஓட்டுவது தற்காலிகம். குலுக்கலில் தளர்ந்து சூடாகும்.

வெயில் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பதையொட்டி ஒரு முறையும் ஆவணியில் ஒரு முறையும் நடுப்பகல் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. அதனால் வேன் கூரையில் சோலார் பலகையைச் சாய்க்காமல் மட்டமாகப் பதித்தாலே போதும். 100 வாட் பலகை, சூட்டில் ஆகும் இழப்பு போக, நல்ல நாளில் 400 வாட்-மணி வரை தரும். 200 வாட் போட்டால் மனம் நிம்மதியாக இருக்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரலை நம்பிப் போனால் பாதி கிடைத்தாலே அதிகம். அங்கே வெளிவெப்பமும் குறைவு என்பதால் ஃபிரிட்ஜும் பாதிதான் கேட்கும், பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். சிக்கல், மர நிழலில் நிறுத்தினால் பலகைக்கு வெயில் கிடைக்காது என்பது. வேனை நிழலிலும், மடக்குப் பலகை ஒன்றை நீள ஒயரில் வெயிலிலும் வைக்கிறேன். ஆடு மேய்க்கிறவர்கள் வந்து விசாரிப்பார்கள், பொழுதும் போகும்.

வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டினால் விலை பாதிதானே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் வரை தின்னும். நாள் கணக்கில் பார்த்தால் ஃபிரிட்ஜ் எடுப்பதற்கு அது சமமாகவே வந்துவிடும். பெரிய டிராவலர் வண்டி, கூரை நிறையப் பலகை என்றால் செய்யலாம். சின்ன வேனுக்கு வேண்டாம்.

வாங்கி வந்த அன்றே வேனில் பூட்டாதீர்கள். வீட்டில், படுக்கிற அறையில், ஒரு நாள் ஓட விடுங்கள். நான்கு பாட்டில் தண்ணீரை உள்ளே வைத்து, 4 டிகிரிக்குத் திருப்பி, அது குளிர்ந்து முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று தாளில் குறியுங்கள். இரவில் விசிறி, விளக்கு எல்லாம் அணைத்துவிட்டு, கையெட்டும் தூரத்தில் படுத்துக் கேளுங்கள். மூடி விளிம்பில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை. எக்கோ நிலையில், மின்விசிறி ஓடுகிற சாதாரண அறையிலேயே மணிக்கு முக்கால் மணி நேரம் ஓடுகிறது என்றால் அந்தப் பெட்டி வெயிலுக்கு ஆகாது. பில்லையும் அட்டைப்பெட்டியையும் அதுவரை பரணில் போட வேண்டாம்.